என் தங்கை நின்ற வார்டு

1

என் தங்கை ஊரில் ஒரு வார்டுக்குப் போட்டியிடுகிறாள், முடிவு வரும் நாளில் என்னுடைய ஷிப்டை மாற்றித் தர முடியுமா என்று உடன் வேலை பார்க்கும் ஹெலனிடம் கேட்டேன். நாங்கள் இருவரும் ஒரே மருத்துவமனையில் நர்ஸ்கள். என் தங்கை சுமதியும் நர்ஸ் என்பது ஹெலனுக்குத் தெரியும். அதனால், எந்த வார்டு, அறுவைச் சிகிச்சையா குழந்தைகள் வார்டா என்று கேட்டாள். ஒரு வார்டுக்கு ஐந்து பேர் போட்டி என்றதும், அவ்வளவு நல்ல சம்பளமா என்று ஆச்சரியப்பட்டாள். பேரூராட்சி என்றால் என்ன, அதில் வார்டு என்றால் என்ன என்று நான் விளக்கி முடிப்பதற்குள் இருவருடைய டீயும் ஆறிப்போனது. ஷிப்டை மட்டும் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தாள்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், மெல்பர்னிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் பல்லாரட் என்ற ஊரில். வந்த புதிதில் ஊர்த் தேர்தல் முடிவுகளை அப்பாவுக்குப் போன் போட்டுத்தான் தெரிந்துகொள்வேன். அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து நீலகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர் அப்பா. டி.வி.யில் ஓடுவதை ஒரு வரி விடாமல் ஒப்பிப்பார். அப்பா போன பிறகு அந்த இடத்துக்கு இணையத்து வரைபடங்கள் வந்தன. செய்தித் தளங்களில் தமிழ்நாடு முழுவதும் கட்டம் கட்டமாக இருக்கும். விரலை வைத்தால் தொகுதி விரியும், யார் முன்னணி, யார் பின்னால் என்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும். நான் முதலில் தொடுவது ஊட்டி, குன்னூர், கூடலூர் மூன்றையும்தான். அந்த மூன்றின் நிறம் தெரிந்த பிறகுதான் சென்னையில் யார் ஆட்சி என்பதற்கே போவேன்.

அங்கே காலையில் எண்ணத் தொடங்கும்போது இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். தேர்தல் பார்ப்பதற்கு இதைவிட வசதியான நாடு கிடையாது.

இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியபோது ஊர் வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தாகிவிட்டது. இங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் வரும். அதனால் வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே பென்சிலால் எண் எழுதிப் போட்டுவிட்டு, வாக்குச்சாவடி வாசலில் சுட்டு விற்கும் இறைச்சி சாஸேஜை மகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்கள் பகுதியில் ஜெயித்தவர் பெயரை மறுநாள் மகள் சொல்லித்தான் அறிந்துகொள்வேன். ஓட்டு இருக்கும் ஊரின் முடிவைப் பார்க்காமல், ஓட்டு இல்லாத ஊரின் முடிவை நாள் முழுக்கப் பார்ப்பவள் என்று என் கணவர் செந்தில் கேலி செய்வார். அது உண்மைதான்.

2

சுமதி எனக்கு ஆறு வயது இளையவள். அதே மலையில், குந்தாப் பக்கம் நாங்கள் வளர்ந்த பேரூராட்சியிலேயே இருக்கிறாள். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், போடவில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். பச்சைத் தேயிலை விலை விழுந்து விழுந்து, பறிக்கும் கூலிக்கே கட்டாது என்று சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்ட வருடங்கள் அவை. எங்கள் எஸ்டேட்டில் முதலில் ஒரு டிவிஷனை, அதாவது தோட்டத்தின் ஒரு பகுதியை, மூடினார்கள். அப்புறம் ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள் ஓடியது. அடுத்து ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். இலை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் ரமேஷுக்கும் வண்டி நிறைய இலை கிடைக்கவில்லை.

அவளை இங்கே வரவழைப்பது என்று அப்போது முடிவு செய்தேன். இந்த நாட்டில் நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு, அவளோ என்னைவிடக் கைராசிக்காரி. ஆனால் காகிதம் லேசில் நகரவில்லை. வேலை செய்த இடத்திலிருந்து அனுபவச் சான்று வேண்டும் என்றார்கள். பூட்டிக் கிடக்கும் ஆஸ்பத்திரிக்கு யார் கையெழுத்துப் போடுவது? பழைய டாக்டரைக் கோயம்புத்தூரில் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். ஆஸ்பத்திரியின் தற்போதைய தொலைபேசி எண் இல்லை என்று அதைத் திருப்பி அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியே இல்லை, அதற்கு ஏது எண் என்று நான் எழுதினேன். அதற்குப் பதில் வர மழைக்காலம் ஒன்று முழுதாகப் போனது. ஆங்கிலத் தேர்வை இரண்டாவது முறையில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அந்தச் சான்றிதழுக்குக் கெடு உண்டு. அது முடிவதற்குள் கிளம்பியாக வேண்டும்.

எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. பின்னறையில் அவளுக்கென்று அலமாரி வாங்கிப் போட்டிருந்தேன்.

3

அந்தச் சமயத்தில்தான் அவளிடமிருந்து போன் வந்தது. வழக்கமாக நான்தான் கூப்பிடுவேன். அவள் கூப்பிட்டதுமே ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது.

என் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்துவிட்டு இப்போதுதான் பேரூராட்சி ஆபீஸிலிருந்து வந்தேன் என்றாள். ஆஸ்பத்திரி மூடிய பிறகு வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்ப்பதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், பிரசவத்துக்கு ஜீப் பிடித்து ஊட்டிக்கு அனுப்புவதுமாக இருந்தவள் அவள். அந்த வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் வந்து கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. இத்தனை காகிதத்தையும் யாருக்காக ஓட்டினேன் என்று கேட்டேன். பூட்டிய ஊரில் கவுன்சிலராகி எதைத் திறக்கப் போகிறாய் என்றும் கேட்டேன்.

கடைசியில் அவள் சொன்னாள்: "அக்கா, அங்க என்னைய வான்னு சொல்றது நீ ஒருத்திதான். இங்க நில்லுன்னு சொல்றவங்க ஒரு தெரு நிறைய இருக்கறாங்க. அவங்க மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வல்லீங்க்கா."

"அப்ப நான் வாங்கி வெச்ச பேப்பரு?"

"தோத்துட்டா கெடுவுக்குள்ள பொட்டியக் கட்டறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஜெயிச்சா நீ என்னையக் கூப்பிடக் கூடாது. சரியா?"

நான் உடனே சரி என்றேன். கட்சிக்காரர்கள் கொடியும் வண்டியுமாக நிற்கும் இடத்தில், சீப்பைச் சின்னமாகக் கேட்டிருக்கும் ஒரு நர்ஸ் எங்கே ஜெயிக்கப் போகிறாள் என்று எனக்கு அவ்வளவு நம்பிக்கை. போனை வைத்துவிட்டு, விமான டிக்கெட் எந்த வாரத்தில் மலிவு என்றுகூடப் பார்த்தேன்.

4

என் மகள் தாரிணிக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும், பேசினால் எல்லோரையும் அஃறிணையில் சேர்த்துவிடுவாள். சித்தி வருது, தாத்தா சொல்லுச்சு என்பாள். திருத்தித் திருத்தி நான் அலுத்துவிட்டேன். ஊருக்குப் போன் போடும்போது கையை ஆட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்பவள், சித்தி தேர்தலில் நிற்கிறாள் என்றதும் வெளியே வந்தாள். அந்த வருடம் பள்ளியில் புவியியல் பாடத்துக்கு ஒரு வரைபடம் செய்ய வேண்டியிருந்தது. சித்தியின் வார்டையே செய்கிறேன் என்றாள்.

செய்தித் தளங்களில் தேடினாள். மாவட்டம் இருந்தது, தொகுதி இருந்தது, எங்கள் பேரூராட்சி ஒரு புள்ளியாக இருந்தது. அதற்குள் வார்டு எல்லை எதிலும் இல்லை. ரமேஷிடம் கேட்டோம். வார்டு எல்லைகளை எழுத்தில் விவரிக்கும் அரசு அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பினார். நான் படிக்க, தாரிணி செயற்கைக்கோள் படத்தின்மேல் கோடு போட வேண்டும் என்று ஏற்பாடு.

பிரதான சாலையின் இடப்புறமாகத் தொடங்கி, தண்ணீர்த் தொட்டி வழியாக ஓடையைத் தொட்டு, ஓடையின் மேற்குக் கரையோடு சோலையின் விளிம்பு வரை சென்று என்று அந்த அறிவிப்பு மூச்சு விடாமல் போகும். விளிம்பு என்றால் என்ன, மேற்குக் கரை என்றால் ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தாரிணி ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்திக் கேட்பாள். நான் கண்ணை மூடி, பள்ளிக்கூடம் போன வழியை நினைத்துப் பார்த்துச் சொல்வேன். சில இடங்களில் எனக்கும் குழம்பும். ரமேஷுக்குப் போன் போடுவோம். அவளே பேசட்டும் என்று போனை அவளிடம் கொடுத்துவிடுவேன். "சித்தப்பா, ஓடை எங்க திரும்புது?" என்று அவள் கேட்டபோது ஓடைக்கு அஃறிணை சரியாகப் பொருந்தியிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரக் கடைசிகளில் கோடு ஏறக்குறைய மூடிவிட்டது. மிச்சம் இருந்தது வடக்கு மூலை. அங்கேதான் மேல் லைன். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பை எங்கள் பக்கம் லைன் என்போம். மூடிய டிவிஷனைச் சேர்ந்தது அது. சாலை இடிந்து, ஆட்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள், ஓட்டுப் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கிறது, அங்கே ஏறுவது வீண் என்று எல்லா வேட்பாளர்களும் விட்டுவிட்டார்கள். சுமதியும்தான். அவளே என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தாள்.

தாரிணி அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். "யாருமே இல்லைன்னு சொன்னியே அம்மா. இது என்ன?" என்று கேட்டாள்.

கூரைகளில் பாதி புதிய நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. லைனுக்குக் கீழே, தேயிலையைப் பிடுங்கிய இடத்தில், சீப்பால் வாரியதுபோல் காய்கறிப் பாத்திகள் தெரிந்தன. படம் சமீபத்தில் எடுத்ததுதான், தேதி மூலையிலேயே இருந்தது. பனியன் கம்பெனி வேலை ஒத்துவராமல் ஆட்கள் திரும்பியிருக்க வேண்டும். ரோட்டில் இறங்காமல் சோலை வழியாக மலையின் மறுபக்கத்து ஊருக்குப் போய் வருகிறார்கள் போலும்.

சித்திக்குத் தெரியுமா என்று தாரிணி கேட்டாள். தெரிந்திருக்கும் என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குப் போனேன்.

5

தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சொல்லாமல் இருந்தால் அது பொய்யில்லை என்று அன்று முழுக்க எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். அவள் நல்லதற்குத்தானே. இங்கே நல்ல சம்பளம், அவள் பையனுக்குப் படிப்பு, ரமேஷுக்கும் ஓட்ட ஒரு வண்டி. எல்லா வாதமும் சரியாகவே இருந்தது. செந்திலிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நீ எப்படியும் சொல்லத்தான் போறே. எதுக்கு அதுக்குள்ள ஒடம்பக் கெடுத்துக்கறே" என்றார்.

மறுநாள் வேலையில் ஒருவருக்குப் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போது கை நின்றுவிட்டது. மேல் லைனில் யாருக்குப் பிரஷர், யாருக்குச் சர்க்கரை என்று ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் சுமதி கணக்கு வைத்திருந்தாள். அவர்கள் திரும்பி வந்திருந்தால், இப்போது அவர்களை யார் பார்க்கிறார்கள்? ஓட்டு இருக்கட்டும், அங்கே ஆள் இருக்கிறது என்பதே கீழே யாருக்கும் தெரியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் கார் நிறுத்துமிடத்தில் நின்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இதை எதுக்குக்கா எனக்குச் சொல்றே?" என்று கேட்டாள். நான் அவள் தோற்க வேண்டும் என்று இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன.

"அங்க யாருக்காச்சும் மாத்திரை தீந்திருக்கும். அதுக்குத்தான் சொல்றேன்" என்றேன்.

மறுநாளே ரமேஷோடு பிரஷர் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். ஒரு நிறைமாதக்காரி இருந்தாள், அவளை அன்றே கீழே கூட்டி வந்துவிட்டார்கள். முதல் முறை போனபோது தேர்தலைப் பற்றிப் பேசவேயில்லை, கூச்சமாக இருந்தது என்று சுமதி பின்னால் சொன்னாள். இரண்டாவது முறை போனபோது அவர்களாகவே, உங்க சின்னம் என்னதுங்க சிஸ்டர் என்று கேட்டிருக்கிறார்கள்.

6

எண்ணும் நாளில் சாப்பாட்டு மேசையில் தாரிணியின் கணினியைத் திறந்து வைத்தோம். மாநிலம் முழுக்க மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு ஒரே நாளில் எண்ணுகிறார்கள். வரைபடம் அம்மை போட்டதுபோல் புள்ளி புள்ளியாக நிறைந்தது. செய்திக்காரர்கள் பெரிய ஊர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நீலகிரி என்ற சொல் ஒரே ஒரு தடவை வந்தது, அதுவும் ஊட்டி நகராட்சிக்காக.

எங்கள் ஊர்ப் புள்ளி நெடுநேரம் வெள்ளையாகவே இருந்தது. எண்ணும் மண்டபத்துக்குள் போன் அனுமதியில்லை, சுமதியைப் பிடிக்க முடியாது. வெளியே நின்ற ரமேஷுக்கு டவர் கிடைக்கவில்லை. செந்தில் எங்கள் தட்டுகளில் சோற்றைப் போட்டு, கணினிக்கு இடம் விட்டு வைத்தார்.

புள்ளிக்குத் திடீரென்று நிறம் வந்தது. தாரிணி அம்புக்குறியை அதன்மேல் வைத்தாள். சிறு பெட்டி விரிந்தது. கட்சி கட்சியாக எண்கள், கடைசி வரியில் சாம்பல் நிறத்தில், மற்றவை ஒன்று. மனிதரைப் போய் மற்றவை என்று போட்டிருக்கிறார்களே என்று நான் முணுமுணுத்தேன். என்னைத் திருத்துவாயே, இதைத் திருத்து என்று தாரிணி ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஜெயித்த சுயேச்சை ஒருவர். ஆனால் எங்கள் பேரூராட்சியில் சுயேச்சைகள் வார்டுக்கு வார்டு இருந்தார்கள். "ஏனுங்க, இது யாரா இருக்கும்?" என்று செந்திலிடம் கேட்டேன். அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்! அது சுமதியாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த நொடியில் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எப்போது மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன் அடித்தது. ரமேஷ். பின்னால் ஒரே இரைச்சல். "அக்கா, நம்ம சுமதிதாங்க்கா" என்றார். ஓட்டு வித்தியாசத்தையும் சொன்னார். மேல் லைன்காரர்கள் இறங்கி வராமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். அவ்வளவு சின்ன வித்தியாசம்.

தாரிணி துள்ளிக் குதித்தாள். தன் வரைபடத்தில் அந்த வார்டுக்கு என்ன நிறம் போடலாம் என்று கேட்டாள். உனக்குப் பிடித்ததைப் போடு என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணியை எடுக்கிறேன் என்று பின்பக்கம் போனேன். துணிக்கொடிக்கு அடியில் நின்று நன்றாக அழுதேன். அலமாரி, காகிதங்கள், அவளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போகலாம் என்று போட்டு வைத்திருந்த திட்டங்கள் எல்லாவற்றுக்குமாக. அழுது முடித்த பிறகு துணியை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, ஆறிய சோற்றைச் சாப்பிட்டேன். நன்றாகப் பசித்தது.

சுமதியை இங்கே வரவழைக்கப் போட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை மறுவாரம் எழுதி அனுப்பினேன். காரணம் கேட்டிருந்தார்கள். விண்ணப்பதாரருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது என்று எழுதினேன். அதற்கு மட்டும் அவர்கள் எந்தச் சான்றும் கேட்கவில்லை.

7

பதவியேற்பைப் பார்க்க வேண்டும் என்று தாரிணியே பிடிவாதம் பிடித்தாள். ரமேஷ் வீடியோ அழைப்பில் வந்தார். பேரூராட்சி ஆபீஸில் நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றிருந்தார்கள். சுமதி உறுதிமொழியை வேகமாகப் படித்து, ஒரு நீளமான சொல்லில் இடறி, நின்று, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். சால்வை, மாலை, படம் எல்லாம் ஆயிற்று. ரமேஷ் யாரோடோ பேசிக்கொண்டே வெளியே வந்தவர், அழைப்பை நிறுத்த மறந்து போனைத் தாழ்வார ஜன்னலில் வைத்துவிட்டார். நாங்களும் துண்டிக்கவில்லை.

மேல் லைனிலிருந்து வந்திருந்தவர்கள் அங்கே காத்திருந்தார்கள். குரங்குக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர், தலை சுற்றுதுங்க சிஸ்டர் என்றார். சுமதி மாலையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினாள். அவள் எதிர்பார்த்து எடுத்து வந்திருக்க வேண்டும், பையிலிருந்து பிரஷர் மெஷின் வெளியே வந்தது. பெரியவரை பெஞ்சில் உட்கார வைத்து, ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டு, பட்டையைச் சுற்றினாள். அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருவர்.

பெரியவரின் கை காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்படி வைத்தால் அளவு தப்பாக வரும். நான் பல்லாரட்டில் இருப்பதை மறந்துவிட்டேன்.

"சுமதி, அவரு கையத் தூக்கி மேசை மேல வெக்கச் சொல்லு" என்றேன்.

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். போன் அங்கே இருப்பதையே அப்போதுதான் கவனித்தாள். பெரியவரின் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, "இங்க மேசை இல்லீங்க்கா, அடுத்த மீட்டிங்ல கேட்டு வாங்கறேன். இப்பச் சத்தம் போடாத இரு, எனக்குக் கேக்கோணும்" என்று சொல்லிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினாள்.